எழுத்து தடுமாறுகிறவர் தொடங்கிய துணி வியாபாரம்: நாம் கற்ற பாடங்கள்

சென்ற கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது இரண்டு மூன்று உறுப்பினர்கள் நம்மைப் பிடித்துக்கொண்டார்கள். "பருப்பு மண்டிக்காரர் பனியன் வியாபாரத்தில் பணம் போட்டிருக்கிறாராமே, நெசமா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். நிஜம்தான். பணம் போட்டது நாம். தொழில் செய்வது நம் மகள் வயிற்றுப் பேரன். போட்ட தொகை நான்கு லட்சம். தானமாக அல்ல, வட்டிக் கணக்கோடு கடனாக. இதில் இரண்டு வருடத்தில் நமக்குத் தெரிய வந்தவை மளிகைக் கடைக்காரருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

பேரனுக்கு டிஸ்லெக்சியா உண்டு. எழுத்தும் ஒலியும் மூளையில் சட்டென்று சேராத குறை இது. கண் கோளாறு அல்ல, புத்திக் குறைவும் அல்ல. இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர் 1896ஆம் வருடமே 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறார். எல்லாவற்றிலும் சூட்டிகை, வாசிக்க மட்டும் வராது. அன்றைக்கு இதை 'சொல் குருடு' என்ற பொருளில் அழைத்தார்கள். நம் தமிழில் இந்தப் பிள்ளைகள் படும் பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். 'கே' என்று எழுதும்போது பின்னால் ஒலிக்கிற ஓசைக்கு உரிய கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. 'கோ' என்றால் முன்னாலும் ஒன்று, பின்னாலும் ஒன்று. ர, ற, ல, ள, ழ வேறு. நமக்கு ஏழு வயதில் பழகிப்போனது அவனுக்கு இருபத்து மூன்று வயதிலும் புதிய ஊர்ச் சந்து மாதிரி. எண்களிலும் 69, 96 இடம் மாறும்.

நாலாம் வகுப்பு வரை 'சோம்பேறி' என்ற பட்டம். பிறகு மதுரையில் காட்டி, குறை இன்னதென்று தெரிந்து, தனிப் பயிற்சி கொடுத்தோம். 2016ஆம் வருட மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் குறையும் சேர்ந்திருக்கிறது. பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்று சலுகைகள் உண்டு. விவரம் தெரியாமல் பிள்ளையை அடித்துக்கொண்டிருக்கும் வீடுகள் நம் தெருவிலேயே இருக்கின்றன.

அடிப்பவர்களைக் குறை சொல்ல நமக்கும் அருகதை இல்லை. 1985 வாக்கில் நம் மண்டியில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். துவரம்பருப்பைக் கையில் அள்ளி மூக்கருகே கொண்டு போனால் ஈரம் எவ்வளவு, பழைய சரக்கு எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். சொன்னது தப்பாது. ஆனால் சிட்டை எழுதச் சொன்னால் குளறுபடி. ஒரு நாள் 69 மூடை போக வேண்டிய இடத்துக்கு 96 என்று எழுதிவிட்டான். லாரி போய் இறக்கிவிட்டுத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. பத்துப் பேர் முன்னால் வைத்து ஏசி, அன்று மாலையே கணக்கு முடித்து அனுப்பினோம். அவன் ஒன்றும் பேசவில்லை. தோள் துண்டை எடுத்து மடித்துக்கொண்டு போனான். பேரனுக்கு இன்ன குறை என்று மதுரையில் சொன்ன அன்று நமக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வந்தது. விசாரித்துப் பார்த்தோம். சூரத் பக்கம் போய்விட்டதாக ஒருவர் சொன்னார்; அதற்கு மேல் துப்பு இல்லை.

இனி வியாபாரத்துக்கு வருவோம். பேரன் படிப்பு முடித்து ஒரு வருடம் திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தான். ஆர்டர் தாளில் நாற்பது ஐம்பது கட்டங்கள் இருக்கும். அதை வாசிக்கத் திணறியதால் தாளை வைத்துக்கொண்டு தளத்துக்கே நடந்துவிடுவான். கட்டிங் மாஸ்டரிடம் கேட்பான். ஓவர்லாக் தைக்கும் அம்மாவிடம் கேட்பான். செக்கிங் மேஜையில் நின்று பார்ப்பான். அப்படி நடந்ததில் ஒன்று கண்ணில் பட்டது. ரெஜிஸ்டரில் எட்டு மணி நேரம் என்று இருக்கும் அன்று பெண்கள் பதினோரு மணி நேரம் தைத்திருப்பார்கள். சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். எழுதினால்தானே கொடுக்க வேண்டும்! வாசிக்கத் தெரிந்த அத்தனை பேரும் ரெஜிஸ்டரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். இவன் ஆளைப் பார்த்தான்.

வேலையை விட்டு வந்து நம்மிடம் சொன்னது இவ்வளவுதான். "தாத்தா, லேபிளில் என்ன எழுதியிருக்கோ அதுதான் உள்ளேயும் நடந்திருக்கணும். அந்த மாதிரி சட்டை போடலாம்னு இருக்கேன். அந்த லேபிள் என்னை மாதிரி ஆளுக்கும் புரியணும்."

இப்படிப்பட்ட ஆடைக்கு 'எதிக்கல்' என்று உலகச் சந்தையில் பெயர். அறம் தவறாத ஆடை என்று வைத்துக்கொள்ளலாம். இது ஏன் பேச்சாகியது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2013 ஏப்ரல் 24 அன்று பங்களாதேஷில் டாக்கா அருகே சவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல். கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மேலே தையல் வேலை பார்த்தவர்களை மட்டும் வரச் சொன்னார்கள். எந்தெந்தக் கம்பெனிக்கு அங்கே தைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள இடிபாட்டில் கிடந்த லேபிள்களைப் பொறுக்கிப் பார்க்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் 'என் சட்டையைத் தைத்தது யார்' என்று வாங்குகிறவர்கள் கேட்கும் இயக்கம் வெளிநாட்டில் பரவியது.

நம் பக்கத்துக் கதையும் இருக்கிறது. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் இறங்கி, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பகுதி விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடுதான் பிறகு தொழில் நடந்தது. அதற்கு ஆகும் செலவு சாயக் கூலியில் ஏறத்தான் செய்யும். இதைவிட மலிவாகச் சாயம் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். பேரன் அப்படிக் கேட்டான். இரண்டு இடத்தில் பதில் இல்லை.

முதல் சரக்கு 600 பீஸ், சிறுவர் டி-ஷர்ட். இதில் ஒரு பெரிய தவறு நடந்தது. பாதிப் பொறுப்பு நமக்கும் உண்டு. இயற்கை விவசாயப் பஞ்சில் நூற்ற நூலைச் சர்டிபிகேட்டோடு கூடுதல் விலை கொடுத்து வாங்கினோம். உலக அளவில் செல்லும் ஜி.ஓ.டி.எஸ். முத்திரையைப் போட்டு விற்கலாம் என்று நினைப்பு. ஆனால் அந்த முத்திரை நூலுக்கு மட்டும் கிடைப்பதல்ல. ஜின்னிங், ஸ்பின்னிங், நிட்டிங், சாயம், தையல் என்று ஒவ்வொரு கட்டமும் சான்று பெற்ற இடத்தில் நடக்க வேண்டும்; சரக்கு கை மாறும்போதெல்லாம் டிரான்சாக்ஷன் சர்டிபிகேட் கூடவே வர வேண்டும். 'ஆர்கானிக்' என்று முழுப் பெயர் போட நாரில் 95 சதவீதமாவது ஆர்கானிக்காக இருக்க வேண்டும். நாம் தைத்த பவர் டேபிள் யூனிட்டுக்குச் சான்று இல்லை. சங்கிலி அங்கே அறுந்தது. "போட்டுத்தான் விடுங்களேன், யார் பார்க்கப் போறா?" என்று புத்தி சொன்னவர்கள் உண்டு. பேரன் ஒப்பவில்லை. கூடுதல் விலை கொடுத்த நூல், சாதா நூல் மாதிரியே விற்றது. நஷ்டம் நஷ்டம்தான்.

சர்டிபிகேட்டைக் குறை சொல்வதல்ல நோக்கம். ஆனால் அதுவும் தாள்தான் என்பதை மறக்கலாகாது. 2020ல் இந்தியப் பஞ்சில் 20,000 டன் பொய்ச் சான்றில் ஆர்கானிக் என்று கை மாறியதை அந்த அமைப்பே கண்டுபிடித்து வெளியிட்டது; 11 கம்பெனிகளுக்குத் தடையும் போட்டது. இரண்டாவது சரக்குக்கு நாங்கள் சாதாப் பருத்தி நூலையே எடுத்தோம். லேபிளில் 'பருத்தி 100 சதவீதம்' என்று மட்டும் போட்டோம். நிரூபிக்க முடியாத எதையும் எழுதவில்லை. புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் எல்லா அறத்தையும் ஒரே சட்டையில் ஏற்றப் பார்ப்பதைக் காண்கிறோம். கூலி, சாயம் இந்த இரண்டை முதலில் சரியாக வைத்துக்கொண்டால் பஞ்சுக்கு அடுத்த வருடம் போகலாம்.

லேபிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பேரனின் குறை சரக்குக்கு உதவியது இங்கேதான். கழுத்துப் பட்டியின் உள்பக்கம் சைஸுக்கு ஒரு நிறத்தில் நாடா. ஐந்து சைஸ், ஐந்து நிறம். ஆண்களில் சிலருக்குச் சிவப்பு பச்சை பேதம் தெரியாது என்பதால் நாடாவில் தையல் கோடுகளும் உண்டு. சின்ன சைஸுக்கு ஒரு கோடு, பெரியதற்கு ஐந்து. விரலால் தடவினாலே தெரியும். பேக்கிங்கில் இருக்கும் அம்மாக்களில் இருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள்தான் மற்றவர்களைவிட வேகமாகச் சைஸ் பிரித்தார்கள். 600 பீஸில் இடம் மாறியது இரண்டே இரண்டு. மாறும் சரக்கு திரும்பி வரும் செலவு தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

எழுத்து பெரிதாக, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, பளபளப்பில்லாத வெளிர் மஞ்சள் அட்டையில். இத்தாலி, பிரான்ஸ் பிள்ளைகளை வைத்து 2012ல் வெளிவந்த ஆராய்ச்சியில் எழுத்து இடைவெளியைக் கூட்டினால் இக்குறை உள்ளவர்கள் மேலாக வாசிப்பது தெரிந்தது. இதற்கென்றே விசேஷ எழுத்துரு விற்கிறார்கள்; அதனால் பலன் இருப்பதாகச் சோதனைகளில் தெரியவில்லை. அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். விலைச் சீட்டு எழுதும் மளிகைக் கடைக்காரரும் ஒரு முறை தம் கடையைத் தள்ளி நின்று பார்க்கட்டும். பொடி எழுத்தில் நெருக்கி எழுதிய சீட்டைக் கண்டு வாய் திறக்காமல் திரும்பிப் போகும் வாடிக்கையாளர் நமக்குத் தெரியாமலே போகிறார்.

விளம்பரம் செய்கிற ஒரு தம்பி வந்து, சட்டை நெஞ்சில் எழுத்துகளைத் தலைகீழாகப் போட்டு 'டிஸ்லெக்சியாக்காரன் சட்டை' என்று பெயர் வைத்தால் பிய்த்துக்கொண்டு போகும் என்றார். பேரன், "விக்க வேண்டியது சட்டைங்க. என் குறையை இல்லை" என்று சொல்லிவிட்டான். நமக்குக்கூட அந்த யோசனை கொஞ்சம் பிடித்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இந்தக் குறையோடு பெரும் வியாபாரம் செய்தவர்கள் உண்டா என்று கேட்கலாம். ஸ்வீடனில் இங்வார் காம்ப்ராட் என்பவர் சிறுவனாக இருந்தபோது ஸ்டாக்ஹோமிலிருந்து தீப்பெட்டி மொத்தமாக வாங்கி அக்கம்பக்கத்தில் சில்லறைக்கு விற்றவர். சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இதைக் கேட்கவே சந்தோஷம்! 1943ல் தமது 17ஆம் வயதில் ஐக்கியா கம்பெனியைத் தொடங்கினார். எண் குறியீடுகள் அவருக்கு மனதில் நிற்காது. அதனால் சரக்குக்கு எண்ணுக்குப் பதில் பெயர் வைத்தார். சோபாவுக்கு ஸ்வீடன் ஊர்ப் பெயர், கட்டிலுக்கு நார்வே ஊர்ப் பெயர் என்று இனம் பிரித்து. தம் குறைக்காகச் செய்த ஏற்பாடு கடைக்கே அடையாளமாகிவிட்டது. ஆடைத் தொழிலில் அமெரிக்காவின் டாமி ஹில்பிகருக்கும் இக்குறை உண்டு. பள்ளிப் பருவத்திலேயே நண்பர்களோடு ஜீன்ஸ் கடை போட்டு, கிளைகள் திறந்து, 25 வயதில் திவாலாகி, பிறகு 1985ல் தம் பெயரில் மீண்டும் தொடங்கியவர். திவாலான கதையைப் பேரனுக்கு இரண்டு முறை சொன்னோம். குறை உள்ளவர்களெல்லாம் வியாபாரத்தில் மேதைகள் என்று இப்போது ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. நாம் அதை நம்புவதில்லை. ஜெயித்தவர் பெயர்தான் வெளியே வருகிறது. நம் மண்டியிலிருந்து போன பையன் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

ஆகவே கணக்கை ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். பேரனின் தங்கை பேரேடு எழுதுகிறாள். எந்தத் தொகையையும் வாயால் உரக்கச் சொல்லி, மற்றவர் திருப்பிச் சொன்ன பிறகே பதிவு. செக்கில் எழுத்தும் எண்ணும் மாறினால் வங்கி திருப்பிவிடும் என்பதால் செக் எழுதுவதும் அவளே. ஆர்டர்களைப் போனில் குரலாகப் பதிந்து வைத்துக்கொள்கிறான்.

இனி விலை. இரண்டாம் சரக்கில் 1,000 பீஸ். துணி, சாயம், தையல், லேபிள், பை எல்லாம் சேர்த்து ஒரு பீஸுக்கு அடக்கம் 210 ரூபாய். வெளியே 28 ரூபாய்க்கு முடிகிற கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் வேலைக்கு அவன் கொடுப்பது 42. அதாவது அறத்துக்கு ஆன கூடுதல் கூலி சட்டைக்கு 14 ரூபாய்தான். விற்கும் விலை 449. இதில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு இந்த விகிதம்தான். கடைக்காரருக்கு 35 சதவீதம் போனால் நமக்கு நிற்பது பீஸுக்கு 70 ரூபாய்க்கும் குறைவு. அதில்தான் லாரி, விற்காத சரக்கு, வட்டி எல்லாம். மார்க்காவை 25ஆம் வகுப்பில் பதிவு செய்யத் தனிநபருக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய். அதை முதலிலேயே செய்துவிட வேண்டும். பெயர் பிரபலமான பிறகு செய்யலாம் என்று இருந்தவர்கள் பெயரை இழந்திருக்கிறார்கள். துணி எடுக்கும்போது 50 சென்டிமீட்டர் சதுரம் குறித்து, துவைத்துக் காயவைத்து அளந்து பார்க்காமல் வெட்டக் கூடாது. அதைச் சொல்லிக்கொடுத்தது கட்டிங் மாஸ்டர்.

14 ரூபாய் கூடுதல் கூலி இந்த வியாபாரத்தைக் கொல்லாது. கொல்வது கடன். இதை நாம் பருப்பில் கற்றோம், துணியில் மறுபடி பார்த்தோம். சரக்கு நன்றாக இருக்கிறது என்று சொன்ன கடைக்காரர்கள் கேட்டது 90 நாள் தவணை. திருப்பூரில் தையல் கூலி சனிக்கிழமை தோறும் கொடுக்க வேண்டும். தொண்ணூறு நாளுக்குள் பதின்மூன்று சனிக்கிழமைகள் வரும். முதல் சரக்கில் ஐந்தாவது சனிக்கிழமை பேரன் கையில் பணம் இல்லை. அன்று இரவு பஸ் ஏறி நம்மிடம் வந்தான். "தாத்தா, இன்னிக்குக் கூலி கொடுக்கலைன்னா நான் லேபிளை எடுத்துடணும்" என்றான். மண்டிக் கல்லாவிலிருந்து 38,000 எண்ணிக் கொடுத்தோம். அவன் அதைப் பதிவு செய்யச் சொல்லி, நாம் உரக்கச் சொல்ல, அவன் திருப்பிச் சொன்னான்.

சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்கிறோம். சிறு உற்பத்தியாளரிடம் 90 நாள், 120 நாள் என்று பணத்தை நிறுத்தி வைப்பது நம்மில் பலர் கௌரவமாகவே செய்வது. நாமும் அப்பளம் போடும் பெண்களிடம் செய்திருக்கிறோம். சட்டம் இடம் கொடுப்பதில்லை. 2006ஆம் வருட எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் 1 முதல் வருமான வரியிலும் கெடு தாண்டிய பாக்கியை, கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் கழிக்க முடியும். வியாபாரிக்கு வியாபாரி கொடுக்கும் கடனுக்கு இது செல்லாது. உற்பத்தி செய்கிறவருக்குத்தான் பாதுகாப்பு. பேரன் உத்யம் பதிவு செய்து, அந்த எண்ணைப் பில்லின் தலையில் பெரிய எழுத்தில் போட ஆரம்பித்த பிறகு மூன்று கடைகள் 45 நாளில் கொடுத்தன. ஒரு கடை கணக்கை முடித்துக்கொண்டது. அதற்குப் பதிலாக ரொக்கத்துக்கு 3 சதவீதம் தள்ளுபடி வைத்தான்; சின்னக் கடைக்காரர்கள்தான் அதை அதிகம் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது 1,000 பீஸில் 140 பாக்கி. பெரும்பாலும் ஐந்து கோட்டுப் பெரிய சைஸ். பிள்ளைகளுக்கு அது தேவைப்படும் வயதில் அவர்கள் வேறு சட்டை கேட்கிறார்கள் என்று தெரிகிறது. அடுத்த சரக்கில் அதைக் குறைத்துப் போடச் சொல்லியிருக்கிறோம். நான்கு லட்சத்தில் முதல் தவணை ஐப்பசியில் வந்தது. 38,000 தனியாக வந்தது, வட்டியோடு.

மண்டியில் சித்திரை முதல் மூடைகளுக்கு ரகத்துக்கு ஒரு நிறத்தில் சணல் முடி போடுகிறோம். கணக்குப்பிள்ளை முதலில் முணுமுணுத்தார். சென்ற வாரம் அவரே வந்து, சிட்டை எழுதத் தடுமாறுகிற புதுப் பையனை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். எடை போடும் இடத்துக்கு மாற்றி, சிட்டையை அவன் வாயால் சொல்ல, வேறொருவர் எழுதட்டும் என்று சொல்லியிருக்கிறோம்.